தாம்பரத்துக் கடையும் நாலு பூதங்களும்

தாம்பரம் வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வரலாம், வருகிறீர்களா?

"தாம்பரத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அருவியா, மலையா, கடலா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. அருவிக்கும் மலைக்கும்தான் எல்லாரும் போகிறார்களே! நான் உங்களை அழைப்பது ஒரு கடையைப் பார்ப்பதற்கு. எட்டடி அகலம், பத்தடி நீளம். அதற்குமேல் ஓர் அங்குலம் கிடையாது. அந்தக் கடையை மூடுவதா, மேலே நடத்துவதா என்று அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் தீர்மானம் ஆக வேண்டியிருந்தது. தீர்மானத்துக்கு யோசனை சொன்னது யார் தெரியுமா? ஜோஸ்யர் இல்லை, ஆடிட்டரும் இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடுகிற ஒரு மஞ்சள் உருண்டை!

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ரயில் ஏறுவோம்.

கடை என் அக்காவினுடையது. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிற வழியில் இருக்கிறது. நோட்டுப் புத்தகம், பென்சில், சார்ட் பேப்பர் ஒரு பக்கம். வளையல், ரிப்பன், ஒட்டுப்பொட்டு, பிறந்த நாள் பரிசுச் சாமான்கள் இன்னொரு பக்கம். மாமா காலமான மறு வருஷம் அக்கா இதை ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கமெல்லாம் அடையாற்றுத் தண்ணீர் புகுந்ததே, அப்போது கடைக்குள்ளும் முழங்கால் அளவு நின்றது. அதிலிருந்து எழுந்திருப்பதற்குள் 2020 மார்ச்சில் ஊரடங்கு. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தால் பென்சில் யார் வாங்குவார்கள்? இப்போது கைப்பேசியில் தட்டினால் பத்து நிமிஷத்தில் பேனாவும் ரிப்பனும் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன. இந்தச் சமயம் பார்த்துக் கட்டடத்துக்காரர் வாடகையை உயர்த்தவேண்டும் என்கிறார். பழைய பத்திரம் முடிந்துவிட்டது. புதுப் பத்திரத்தோடு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வருகிறாராம்.

அக்காவின் பிள்ளை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாக இருக்கிறான். அவனுக்கும் நாற்பது ஆகிறது. "அம்மா உழைச்சது போதும் சித்தி. நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பாங்க" என்று என்னைக் கூப்பிட்டான். கூடவே, "பல்லாவரத்திலேயே இறங்கிடுங்க. நான் லீவு போட்டிருக்கேன். சந்தையிலே ஒரு விசாரணை இருக்கு" என்றான்.

மாம்பலத்தில் மின்சார ரயிலில் ஏறினேன். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ஆம் வருஷத்திலேயே மின்சார ரயில் விட்டுவிட்டார்கள். 2004 வரைக்கும் இது மீட்டர் கேஜ் பாதையாக இருந்தது. பழைய வண்டி போனாலும் பழைய பழக்கம் போகவில்லை. பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தால் கடைத்தெருவே நம்மைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறது! ஸேப்டி பின், கொய்யாப்பழம், சமோசா, ஹேர் கிளிப். ஸெயிண்ட் தாமஸ் மவுண்ட் வருவதற்குள் என் கைப்பையில் இரண்டு முழம் மல்லிகைப்பூ வந்து உட்கார்ந்துவிட்டது.

பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமை அவசியம் போய்வாருங்கள். பழைய டிரங்க் ரோடு நெடுக, தரையில் சாக்கை விரித்து உலகத்தையே கொட்டிவைத்திருப்பார்கள். கால் ஒடிந்த நாற்காலி, கதவு, ஜன்னல், மிக்ஸியின் மூடி மட்டும், தையல் இயந்திரம், துருப்பிடித்த திருகாணி, ரோஜாச் செடி, லவ் பேர்ட்ஸ்! யாரோ வேண்டாம் என்று தள்ளியதை வேறு யாரோ 'இதைத்தானே தேடினேன்' என்று எடுத்துப் போகிறார்கள்.

எங்கள் விசாரணை என்ன தெரியுமா? கடையை மூடினால் இரும்பு ரேக்குகளையும் கண்ணாடி அலமாரியையும் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பது. ஒரு பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ரேக்குன்னா கிலோக் கணக்குத்தாம்மா. கண்ணாடிக்கு ஒண்ணும் வராது" என்றார்.

கிலோக் கணக்கு! இருபத்திரண்டு வருஷத்தைத் தராசில் வைத்துக் காட்டிவிட்டார் மனிதர். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. என் பக்கத்தில் நின்றவனும் பேசவில்லை. திரும்பிப் பார்த்தால், அடுத்த சாக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறான். கையில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. பித்தான் வைத்த இரண்டு கைப்பிடிகள், ஒரு மஞ்சள் காசெட்.

"சித்தி! இதுக்காக நான் அம்மாகிட்ட எத்தனை அடி வாங்கியிருக்கேன் தெரியுமா?"

அறுநூறு சொன்னார்கள். முந்நூற்றைம்பதுக்கு முடித்தான். ரேக்கை விற்க வந்தவன் விளையாட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு புறப்பட்டான்.

மறுபடி ரயில். தோல் பதனிடும் குரோம் லெதர் தொழிற்சாலையால் பேர் வாங்கிய குரோம்பேட்டை, காசநோய் ஆஸ்பத்திரியால் பேர் வாங்கிய சானடோரியம், அப்புறம் தாம்பரம். கிழக்குப் பக்கம் 1937-இல் இங்கே இடம் மாறி வந்த கிறிஸ்தவக் கல்லூரியின் மரங்கள். மேற்குப் பக்கம் இறங்கினால் சண்முகம் சாலை. பூ, காய்கறி, பாத்திரம், புடவை எல்லாம் ஒரே தெருவில்! ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலையும் மீறிக் கடைக்காரர்களின் குரல் கேட்கிறது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்த பிறகு வெளியூர்ப் பிரயாணிகள் பலர் தாம்பரத்தைத் தாண்டிப் போகிறார்கள். ஆனால் சண்முகம் சாலையில் தோளோடு தோள் இடிபடாமல் நடக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஷேர் ஆட்டோவில் ஏறிக் கடைக்குப் போனபோது மணி இரண்டு. மத்தியான வேளையில் ஈ காக்கை இல்லை. அக்கா அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடி! கடையை மூடச் சொல்ல உன்னையும் அழைச்சுட்டு வந்துட்டானா?" என்றாள். அப்புறம் பெட்டியைப் பார்த்தாள். "இந்த சனியன் இன்னும் உயிரோடயா இருக்கு?"

மூலையில் அக்கா ஸீரியல் பார்ப்பதற்கு ஒரு பழைய டி.வி. உண்டு. அதில் மூன்று ஒயர்களைச் செருகினான் பிள்ளை. 'டொய்ங்' என்று ஒரு சத்தம். திரையில் ஒரு கோட்டை. பாதை நெடுகப் புள்ளிகள். மஞ்சள் உருண்டை ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடுகிறது. நாலு பூதங்கள் துரத்துகின்றன.

இந்த விளையாட்டுகளெல்லாம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆளுயரப் பெட்டிகளில், காசு போட்டு ஆடுவதாக வந்தவை. நம் ஊர்ப் பையன்களில் பலருக்கு 1990-களில் டி.வி. பெட்டியோடு இணைத்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஆடியதுதான் ஞாபகம் இருக்கும். இந்த மஞ்சள் உருண்டைக்குப் பேக்-மேன் என்று பெயர். 1980-இல் நாம்கோ கம்பெனிக்காகத் தோரு இவதானி என்பவர் செய்தது. அந்தக் காலத்து விளையாட்டுக் கூடங்களில் ஆண்பிள்ளைகள்தான் நிறைந்திருந்தார்களாம். பெண்களும் வந்து ஆடவேண்டும் என்று நினைத்து, சுடுவதை விட்டுச் சாப்பிடுவதை விளையாட்டாக்கினார் அவர். பார்த்தீர்களா, நமக்காகவே பிறந்த பிள்ளை!

"ஏண்டா, அந்தச் சிவப்புப் பூதம் மட்டும் ஏன் விடாமல் துரத்துது?" என்று கேட்டாள் அக்கா, துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டே.

"நாலுக்கும் நாலு குணம் அம்மா. சிவப்பு நேராகத் துரத்தும். ரோஸ் கலர் நாம போகப்போற இடத்துக்கு முன்னாடியே போய் நிக்கும். நீலம் எப்போ எங்கே வரும்னு சொல்ல முடியாது. ஆரஞ்சு கிட்ட வர்ற மாதிரி வரும். நெருங்கினதும் தன் மூலைக்கு ஓடிடும்."

அக்கா கலகலவென்று சிரித்தாள்.

"சிவப்புதான் வாடகை. மாசம் பொறந்தா நேரா வந்து நிக்கும். ரோஸ் அந்தப் பத்து நிமிஷ வியாபாரி. வாடிக்கை கடைக்கு வர்றதுக்கு முன்னாடி அவங்க வீட்டு வாசல்லே நிக்கிறான். நீலம் மொத்த வியாபாரி. ஆரஞ்சு இருக்கே, அது கடன் சொல்லி வாங்கிட்டுப் போனவங்க! எதிர்ல சிரிச்சுக்கிட்டே வருவாங்க. கணக்கு நோட்டை எடுத்தா ஓட்டம்!"

மூலைக்கு ஒன்றாக நாலு பெரிய புள்ளிகள் இருந்தன. அதைத் தின்றால் கொஞ்ச நேரத்துக்குப் பூதங்கள் பயந்து ஓடும். நாம் அவற்றையே தின்னலாம். ஆனால் ஆட்டம் மேலே போகப் போக அந்தப் பயம் தெளிகிற நேரம் குறைந்துகொண்டே வரும். பிள்ளை அவசரப்பட்டு ஒரு பெரிய புள்ளியைத் தின்றான். பூதங்களோ எங்கேயோ தூரத்தில் இருந்தன. புள்ளி வீணாயிற்று.

"நானும் இதைத்தாண்டா செஞ்சேன்" என்றாள் அக்கா. இப்போது சிரிக்கவில்லை. "ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிறதுதான் நம்ம பெரிய புள்ளி. முன்னெல்லாம் அந்த வியாபாரம் ஒரு மாசம் ஓடும். இப்போ நிறையப் பள்ளிக்கூடத்திலே அவங்களே நோட்டுப் புத்தகம் கொடுத்துடறாங்க. நாலு நாள்தான் கூட்டம். அந்தக் காசு கைக்கு வந்ததும் புதுச் சாமான் வாங்கிப் போட்டுடுவேன். ஆகஸ்டிலே வாடகைப் பூதம் வந்து நிக்கும்போது கையிலே ஒண்ணும் இருக்காது."

பிள்ளை அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அவன் எதிர்பார்த்தது வேறு பேச்சு.

அடுத்தது டாங்கி காங். நின்டெண்டோ கம்பெனியில் ஷிகேரு மியாமோட்டோ 1981-இல் செய்தது. உச்சியில் ஒரு குரங்கு பீப்பாய்களை உருட்டிவிடும். நாம் ஏணி ஏணியாக ஏறிப் போகவேண்டும். நடுவில் ஒரு சுத்தியல் கிடைக்கும். அதை எடுத்தால் வருகிற பீப்பாயெல்லாம் தூள்! ஆனால் சுத்தியல் கையில் இருக்கிற வரையில் ஏணி ஏற முடியாது.

"தள்ளுபடி போர்டு" என்றாள் அக்கா ஒரே வார்த்தையில். ஊரடங்கு முடிந்து கடை திறந்தபோது 'எல்லாம் பத்து சதவீதம் தள்ளுபடி' என்று எழுதி மாட்டினாளாம். கூட்டம் வந்தது. பழைய சரக்கு நகர்ந்தது. அதோடு எடுத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் தொங்கியது. "அடிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு படி ஏறலே" என்றாள்.

பிறகு டெட்ரிஸ். இது ரஷ்யப் பிள்ளை. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் கம்ப்யூட்டரில் செய்தார். காசுப் பெட்டிகளுக்கு 1988-இல் வந்து சேர்ந்தது. ஏழு விதமான கட்டைகள் மேலேயிருந்து விழும். இடைவெளி இல்லாமல் அடுக்கினால் வரிசை கரைந்துவிடும். ஓட்டை விட்டு அடுக்கினால் மேலே மேலே ஏறிக் கழுத்தை நெரித்துவிடும். இதற்கு அக்காவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. எட்டடிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக அவள் ஆடுகிற ஆட்டம் அல்லவா! அக்காவே கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். ஏழெட்டு வரிசை மளமளவென்று கரைந்தது. அப்புறம் ஓர் ஓரத்தில் பள்ளம் விட்டு, நெட்டைக் கட்டை வருமென்று காத்திருந்தாள். அது வரவில்லை. மற்றவை ஏறிக்கொண்டே வந்து ஆட்டம் முடிந்தது.

"வெள்ளத்திலே போனது என்ன தெரியுமா?" என்றாள் என்னைப் பார்த்து. "ஒரு பெரிய ஆர்டர் வரும்னு சொன்னாங்க. அதை நம்பி அடித்தட்டு முழுக்கப் பெரிய நோட்டு வாங்கி அடுக்கி வச்சிருந்தேன். நாலு மாசம் காத்திருந்தேன். ஆர்டர் வரலே, தண்ணிதான் வந்தது. தினமும் விக்கிற பென்சிலும் ரப்பரும் மேல்தட்டிலே இருந்து பொழைச்சுது. நெட்டைக் கட்டைக்காக ஒரு தட்டைக் காலியா வைக்கலாம். கடையையே காலி பண்ணக்கூடாது."

கடைசியாக ஸ்பேஸ் இன்வேடர்ஸ். 1978-இல் டைட்டோ கம்பெனியில் தொமொஹிரோ நிஷிகாதோ செய்தது. ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்றாக 55 எதிரிகள் மேலேயிருந்து இறங்குவார்கள். நமக்கு மறைவாக நாலு சுவர்கள். எதிரியின் குண்டு சுவரைக் கரைக்கும். அது நியாயம். ஆனால் சுவருக்குப் பின்னாலிருந்து நாம் சுட்டால், நம் குண்டும் அதே சுவரைத் துளைக்கும்!

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐந்து ரூபாய்ச் சில்லறைக்காகப் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தியிடம் வள்ளென்று விழுந்தாளாம். அன்றைக்கு மொத்த வியாபாரியிடம் பட்ட அவமானத்தை இவள்மேல் கொட்டிவிட்டாள். அந்த அம்மாள் பதில் பேசவில்லை. ஆனால் அந்தத் தெருவிலிருந்து நாலைந்து வீட்டார் அப்புறம் கடைக்கு வரவில்லை.

"நாலு சுவர்லே ஒண்ணை நானே இடிச்சேன்" என்றாள்.

பிள்ளை கைப்பிடியைக் கீழே வைத்தான். நாங்கள் மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போது ஒரு வேடிக்கை. யாரும் தொடாமலே திரையில் ஆட்டம் தானாக நடந்தது! காசுப் பெட்டிக் காலத்திலிருந்து வருகிற ஏற்பாடு இது. ஆடுவதற்கு ஆள் இல்லாதபோது பெட்டி தானே ஆடிக் காட்டி, வழியில் போகிறவர்களைக் கூப்பிடுமாம். அக்காவின் கையைப் பார்த்தேன். அது அலமாரிக் கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தது. வாங்க ஆள் இல்லாத மத்தியானத்தில் அவள் ஏன் விளக்கை அணைக்காமல், வளையல்களை நிறம் நிறமாக மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டது. அடேயப்பா! கடை வாசலில் முப்பது கைகள். "ஆன்ட்டி, பச்சை சார்ட்!" "ஆன்ட்டி, கம்பாஸ்!" அக்காவுக்கு இரண்டு கைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. நாலாம் வகுப்புக்குப் போகிற பெண் ஒருத்தி பத்து ரூபாயை நீட்டிப் பதினைந்து ரூபாய்ச் சாமானைக் கேட்டு விழித்தாள். அக்கா சாமானைச் சுருட்டிக் கையில் கொடுத்து, "மீதியை நாளைக்குக் கொண்டா" என்று அனுப்பினாள். நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

"எழுதலையேம்மா?" என்றான் பிள்ளை.

"அது ஆரஞ்சுப் பூதம் இல்லேடா. அது சுவர்" என்றாள் அக்கா.

கூட்டம் கலைந்ததும் அவன் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, ஒண்ணு சொல்றேன். இந்த ஆட்டத்திலே ஜெயிக்கிறவன் கிடையாது. பேக்-மேன்லே 255 ஆட்டம் தாண்டிப் போனா, 256-லே பாதித் திரை கன்னாபின்னான்னு குழம்பிடும். அதுக்கு மேலே பெட்டிக்கே எண்ணத் தெரியாது. பூதம் ஓயாது. நீ எதுக்கு ஓடணும்?"

"அப்போ நீ எதுக்குடா அடி வாங்கிக்கிட்டு ஓடி ஓடி ஆடினே?"

அவனுக்குப் பதில் வரவில்லை. "நேத்தைவிட ஒரு ஆட்டம் கூட நிக்கலாம்னு" என்றான் கடைசியில்.

"ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு" என்றாள் அக்கா. "உன் பெட்டியிலே காசு போட்டா மூணு உயிர். செத்தா இன்னொரு காசு. கடையிலே போடற காசு யாரோடதுன்னு பாக்கணும். கடன் வாங்கிப் போட்டா, உன் காசை வாங்கிப் போட்டா, அது ஆட்டம் இல்லே, சூது."

ஆறு மணிக்குக் கட்டடத்துக்காரர் பத்திரத்தோடு வந்தார். அக்கா காபி கொடுத்து, அரை மணி நேரம் வாதாடி, கேட்ட உயர்வில் பாதிக்கு அவரை இறக்கினாள். பதினொரு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். முதலில் மோட்டுவளையைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு எங்களிடம் சொன்னாள்: "ஜூன் காசைத் தனியா எடுத்து வைக்கப்போறேன். அது ஆகஸ்ட் வாடகைக்கு. என் கைக்காசு தீர்ந்து போச்சுன்னா, யாரும் சொல்ல வேண்டாம், நானே பூட்டுவேன். அப்போ பல்லாவரத்துக்கு நீயே ரேக்கை எடுத்துட்டுப் போ."

பிள்ளை தலையை ஆட்டினான். பிறகு என்ன தோன்றிற்றோ, ஸ்டூலைப் போட்டு ஏறி, ரொம்ப நாளாக விலை போகாத பரிசுச் சாமான்களை மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தான்.

அக்கா ஜெயித்துவிடுவாளா என்று கேட்கிறீர்களா? அதை நான் எப்படிச் சொல்வேன்? நம் பரமபதத்தில் கடைசிக் கட்டத்தில் மோட்சம் உண்டு. இந்த ஆட்டத்தில் அது இல்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தெரியாமல் போட்ட கையெழுத்தைவிட அது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ராத்திரி எட்டு மணி வண்டியில் திரும்பினேன். பெண்கள் பெட்டியில் ஏழெட்டுப் பேர்தான். அவர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள். ஹேர் கிளிப் விற்கிற பெண் ஒருத்தி எதிர் ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள். வாங்குவார் யாரும் இல்லை. ஆனாலும் அட்டையில் மாட்டியிருந்த கிளிப்புகளை எடுத்து, சிவப்பு ஒரு வரிசை, நீலம் ஒரு வரிசை என்று அழகாக மாற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு ஜோடி வாங்கினேன். நீங்களும் அந்தப் பக்கம் போனால் வாங்குவீர்கள், இல்லையா?